மல்லி நாளில் படித்த கதை

சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு நாற்பத்தேழு.

சீடர் தவசிலிங்கம். முப்பத்தோரு வருடம் ரயில்வே கேட் காத்தவர். படிப்பு எட்டாம் வகுப்பு. ஒரு ரயில் போய் அடுத்த ரயில் வருவதற்குள் எழுதி எழுதி நாற்பது கதைகள் சேர்த்திருந்தார். நாற்பதும் பத்திரிகைகளுக்குப் போயின. நாற்பதும் திரும்பி வந்தன.

குரு செண்பகவல்லி. ஏழு நாவல்கள் எழுதியவர். சாத்தூருக்குத் தெற்கே, வத்தலும் மல்லியும் அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கியில், ஒன்பது பெண்களோடு பத்தாவது ஆளாகத் தரையில் உட்கார்ந்து மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிறவர்.

அவரை யாரும் குரு என்று கூப்பிட்டதில்லை. தவசிலிங்கம் "அம்மா" என்றார். அவர் தவசிலிங்கத்தை "அண்ணாச்சி" என்றார். அதுவே போதுமானதாக இருந்தது.

முதல் நாள் தவசிலிங்கம் கிட்டங்கி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"கதை எழுதக் கத்துக்கிட வந்தேன் அம்மா."

"நாப்பது எழுதியிருக்கீங்கன்னு சொன்னாக."

"எழுதியிருக்கேன். படிக்கத்தான் ஆளில்லை."

"யாருக்காவது படிச்சுக் காட்டியிருக்கீங்களா?"

"கேட்டுல யாரு இருக்கா? போறவுக, வர்றவுக."

செண்பகவல்லி சற்று நகர்ந்து, தன் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்துப் போட்டார்.

அந்தக் கிட்டங்கியில் ஒரு வழக்கம் இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை யாராவது எதையாவது படிப்பார்கள். கைகளுக்கு வேலை உண்டு, காதுகளுக்கு இல்லை. செண்பகவல்லி தன் ஏழு நாவல்களையும் அச்சுக்கு அனுப்பும் முன் இங்கேதான் படித்தார்.

"நல்லாயிருந்தாச் சொல்லுவாகளா?" என்று கேட்டார் தவசிலிங்கம்.

"சொல்ல மாட்டாக."

"நல்லா இல்லன்னா?"

"அதையும் சொல்ல மாட்டாக."

"பின்ன எப்படித் தெரியும்?"

"தெரியும்."

மறுநாள் தவசிலிங்கம் தன் நாற்பதாவது கதையைக் கொண்டு வந்தார். மகனை எதிர்பார்த்து எதிர்பார்த்து ஒரு தாய் இறந்துபோகிற கதை. பதினோரு பக்கம். தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல் படித்தார். ஏழாம் பக்கம் முடிந்ததும்தான் நிமிர்ந்து பார்த்தார்.

ஒன்பது பெண்களும் அழுதுகொண்டிருந்தார்கள்.

அவர் இன்னொரு தடவை எண்ணினார். ஒன்பது. எல்லாரிலும் மூத்தவரான பேச்சியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது எழுபத்தொன்று. எத்தனையோ சாவு பார்த்த மனுஷி.

மூன்று மணிக்குத் தவசிலிங்கம் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் செண்பகவல்லியைப் பிடித்தார்.

"அம்மா, ஒன்பதுக்கு ஒன்பது."

"பார்த்தேன் அண்ணாச்சி."

"உங்க கண்ணும் கலங்கித்தான் இருந்துச்சு."

"ஆமா."

"நானே அழுதுட்டேன் அம்மா. எழுதும்போதுகூட அழல."

செண்பகவல்லி ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து முடித்தார்.

"நாளைக்கு மல்லி லோடு வருது. நாளைக்கும் படிங்க."

"எந்தக் கதைய?"

"இதையே."

அன்று தவசிலிங்கம் வீடு வரைக்கும் இரண்டு கிலோமீட்டரையும் நடந்தே போனார். வழியில் நாலு பேருக்கு வணக்கம் சொன்னார். அதில் இரண்டு பேரை அவருக்குத் தெரியாது.

மறுநாள் கிட்டங்கி முழுக்கக் கொத்தமல்லி வாசம். பெண்கள் சுளகில் மல்லியைப் போட்டுப் புடைத்து, கல்லும் தூசும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். தவசிலிங்கம் அதே பதினோரு பக்கத்தை, அதே குரலில் படித்தார். ஏழாம் பக்கத்தில் நிமிர்ந்தார்.

எட்டுப் பேர் மல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாவது ஆளான பேச்சியம்மாள், மடியில் சுளகை வைத்தபடி உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிக்கொண்டிருந்தார்.

மிச்சம் நாலு பக்கத்தையும் தவசிலிங்கம் படித்து முடித்தார். தாய் இறந்தாள். சத்தமே இல்லை.

பக்கத்தில் இருந்த லூர்துமேரிக்கு ஏதாவது கேட்காவிட்டால் மரியாதை இல்லை என்று தோன்றியது.

"முடிஞ்சிருச்சா அண்ணாச்சி?"

"முடிஞ்சிருச்சும்மா."

"சரி."

லூர்துமேரி அந்தப் பக்கம் திரும்பி முனீஸ்வரியிடம் கேட்டாள்: "இன்னைக்கு உங்க வீட்ல என்ன கொழம்பு?"

தவசிலிங்கம் தாள்களை அடுக்கினார். ஓரம் சரியாக வரும்வரை தட்டினார். பிறகு செண்பகவல்லியிடம் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப முந்தாநேத்து... இல்ல, நேத்து அழுதது?"

"வத்தல் அண்ணாச்சி."

அவர் முகத்தைப் பார்த்ததும் செண்பகவல்லிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கோவிச்சுக்கிடாதீங்க. என் முதல் நாவலுக்கு மூணு நாள் அழுதாக. நான் பஸ்ஸுல எடம் இருந்தும் உட்காராம நின்னுக்கிட்டே போனேன். அவ்வளவு பெருமை. நாலாம் நாள் மல்லி வந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, உட்கார்ந்து போனேன்."

தவசிலிங்கமும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் அவர் கை மறுபடி தாள்களின் ஓரத்தைத் தட்டியது.

"மல்லி எத்தனை நாளைக்கு இருக்கும் அம்மா?"

"இன்னும் பதினோரு நாள்."

"சரி. அதுக்குள்ள ஒரே ஒரு ஆள் என் கதையக் கேட்டு மல்லிய மறக்கணும். இல்லன்னா விட்டுருதேன்."

"எதை?"

"எழுதுறத."

"விட்டுட்டு?"

அவர் யோசித்தார்.

"தெரியல. எழுதாத அன்னைக்கு, ரயில்வே கேட்ட மூடாம வீட்டுக்கு வந்துட்ட மாதிரியே இருக்கும். அப்படியே இருக்க வேண்டியதுதான்."

விடாதீர்கள் என்று செண்பகவல்லி சொல்லவில்லை.

"என் கதையில என்ன பிழை அம்மா?"

"நீங்க சொல்லுங்க."

"ஒண்ணு கூடக் கிடையாது" என்றார் தவசிலிங்கம். பையிலிருந்து ஒரு பெரிய தாளை எடுத்து விரித்தார். அளவுகோல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். "இது நாப்பத்தொண்ணாவது கதைக்கு. கதைக்குள்ள யார் வர்றா, என்ன வயசு, எத்தனை மணிக்கு வர்றா, எப்பப் போறா. வீட்டுல எத்தனை செம்பு, எத்தனை கோழி. எது உள்ள வந்தாலும் வெளிய போகணும். போனதும் செவப்பு மையில ஒரு டிக். நாப்பது கதையில ஒரு செம்பு காணாமப் போனதில்ல."

செண்பகவல்லி வெகுநேரம் பார்த்தார்.

"கட்டம் ரொம்ப அழகா இருக்கு."

"கட்டம் முடிஞ்சிருச்சு. கதைதான் எழுதணும்."

செண்பகவல்லி அந்தத் தாளை எடுத்தார். கூம்பாகச் சுருட்டினார். சுளகிலிருந்து மூன்று கை மல்லியை அள்ளிப் போட்டார். வாயை மடித்துச் சொருகி அவர் கையில் கொடுத்தார்.

"மதினிகிட்டக் குடுங்க. ரசம் வைக்கச் சொல்லுங்க."

தவசிலிங்கம் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றார். பிறகு போனார்.

அவர் மனைவி அன்னபாக்கியம் மல்லியை டப்பாவில் கொட்டினார். தாளைக் கசக்கி அடுப்பில் போட்டார்.

"நல்ல மல்லி" என்றார். "வாசம் எப்படி இருக்கு பாருங்க."

அடுத்த மூன்று நாள் தவசிலிங்கம் ஒரு வரி எழுதவில்லை. கட்டம் இல்லாத தாள் அவருக்குத் தண்டவாளம் இல்லாத வெட்டவெளி மாதிரி இருந்தது.

நாலாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போது, பல வருடத்துக்கு முன் கேட்டில் வந்து வந்து சண்டை போட்ட ஒரு பெண்ணின் குரல் ஞாபகத்துக்கு வந்தது. 'நீ மூடி வச்சிருக்கிற நேரத்துல நான் மூணு தடவ அந்தப் பக்கம் போயிட்டு வந்துருவேன். தொற!' அவள் பெயர் அவருக்குத் தெரியாது. ராக்கு என்று வைத்தார். வாய் கொப்பளித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அன்று மத்தியானம் அன்னபாக்கியம் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"தனியா என்ன சிரிப்பு? யாருகூடப் பேசுதீங்க?"

"ராக்குகூட."

"அது யாரு?"

"கேட்டுல நிக்கா. தொறக்கச் சொல்லிச் சண்டை போடுதா."

"பாவம், தொறந்து விடுங்களேன்" என்று சொல்லிவிட்டு அன்னபாக்கியம் உலை பார்க்கப் போனார்.

தவசிலிங்கம் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு ராக்குவை அவரால் பிடிக்க முடியவில்லை. அவர் நினைக்காததை அவள் பேசினாள். அவர் போகச் சொன்ன இடத்துக்கு அவள் போகவில்லை. ஆறு நாள் அவள் பின்னாலேயே ஓடினார். ஒருநாள் சாப்பிட மறந்தார். இன்னொரு நாள் இரண்டு தடவை சாப்பிட்டார்.

பத்தாம் நாள், இரண்டு மணிக்கு, தவசிலிங்கம் சாக்கில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்.

ராக்குவுக்கும் அவள் தங்கச்சி செல்லத்தாயிக்கும் பன்னிரண்டு வருடமாகப் பேச்சு கிடையாது. ஒரு கல்யாண வீட்டில், நூறு பேருக்கு முன்னால், 'உன் சாம்பார்ல உப்பு கூட' என்று தங்கச்சி சொல்லிவிட்டாள். அவ்வளவுதான் சண்டை. ஒரு திங்கட்கிழமை காலை, மேய்த்த ஆட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில் ராக்குவுக்குச் சேதி வருகிறது. செல்லத்தாயி விழுந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிறாளாம். ராக்கு வீட்டுக்குக்கூடப் போகவில்லை. ஆட்டை ரயில்வே கேட் கம்பத்தில் கட்டிவிட்டு, 'இந்தா, இப்ப வந்துருதேன்' என்று சொல்லிவிட்டு, பத்து நாற்பது பாசஞ்சரில் ஏறுகிறாள்.

ரயிலில் அழுகிறாள். அழுதுகொண்டே, தங்கச்சியைப் பார்த்ததும் என்னென்ன திட்டவேண்டும் என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் ஒத்திகை பார்க்கிறாள். அவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். உப்பு கூட என்று சபையில் சொன்னது தப்புதான் என்று ஒரு கட்சி. உப்பு கூட இருந்தால் என்ன செய்வது என்று இன்னொரு கட்சி.

இந்த இடத்தில் லூர்துமேரியின் சுளகு நின்றது.

போய்ப் பார்த்தால் செல்லத்தாயி கிணற்றடியில் நின்று துணி அலசிக்கொண்டிருக்கிறாள். இடுப்பும் ஒடியவில்லை, ஒன்றும் ஒடியவில்லை. சேதி சொல்லி அனுப்பியதே அவள்தான். 'பின்ன எப்படி உன்னை வரவைக்க?' என்கிறாள். ராக்கு ஈரத் துணியைப் பிடுங்கி அவளை அடிக்கிறாள். அவள் வாளித் தண்ணீரை எடுத்து ராக்கு தலையில் கொட்டுகிறாள். தெரு கூடிவிடுகிறது. மூன்று நாள் சண்டையும் சமையலுமாகப் போகிறது. வியாழக்கிழமை மத்தியானம் சாம்பார் கொதிக்கும்போது, செல்லத்தாயி உப்பு மரவையைத் தூக்கி அக்காள் கையில் கொடுக்கிறாள். 'இந்தா, நீயே போடு. இன்னைக்கு எவ்வளவு போட்டாலும் வாயத் தொறக்க மாட்டேன்.' ராக்கு போடுகிறாள். செல்லத்தாயி ஒரு வாய் தின்கிறாள். கண்ணில் தண்ணீர் வருகிறது. 'எப்படி இருக்கு?' என்கிறாள் ராக்கு. செல்லத்தாயி வாயைத் திறக்கவில்லை.

கதை முடிந்தது.

தவசிலிங்கம் இந்தத் தடவை நடுவில் நிமிரவும் இல்லை, எண்ணவும் இல்லை. செண்பகவல்லி எண்ணினார். ஒன்பது சுளகும் தரையில் இருந்தன.

பேச்சியம்மாள்தான் முதலில் பேசினார்.

"தம்பி, அந்த ஆடு?"

"எந்த ஆடு?"

"அவ கம்பத்துல கட்டிட்டுப் போனாளே, அந்த ஆடு."

தவசிலிங்கம் முதல் பக்கத்தை எடுத்தார். பிறகு கடைசிப் பக்கத்தை எடுத்தார்.

"ஆமா அண்ணாச்சி" என்றாள் லூர்துமேரி. "திங்கக்கெழம பத்து நாப்பதுக்கு ரயிலேறிட்டா. உப்பு போடுறது வியாழக்கெழம."

முனீஸ்வரி விரல் மடக்கினாள். "மூணு நாளு, ரெண்டு மணி நேரம்."

"யாரு தண்ணி வச்சா?"

"கேட்டுக்காரரு வச்சிருப்பாரு."

"வச்சாருன்னு படிக்கவே இல்லையே!"

"அவருக்கு ட்யூட்டி முடிஞ்சா வீட்டுக்குப் போயிருவாரு. அடுத்து வர்ற ஆளுக்கு ஆடு யாருதுன்னு எப்படித் தெரியும்?"

"எவனாவது அவுத்துக்கிட்டுப் போயிருப்பான்."

"வாய அளந்து பேசு! எதுக்கு அவுக்கப் போறான்?"

"ஏட்டி, நீங்க எதுக்கு அடிச்சுக்கிடுதீங்க?" என்றார் பேச்சியம்மாள். "கேட்டுக்காரரு இந்தா உட்கார்ந்திருக்காரு. தம்பி, ஒளிக்காமச் சொல்லு. தண்ணி வச்சியா, வைக்கலையா?"

தவசிலிங்கம் மறுபடி முதல் பக்கத்தைப் புரட்டினார்.

"வைக்கல" என்றார்.

"அடப் பாவி!"

மூன்று மணி ஆனது. யாரும் சுளகை எடுக்கவில்லை. மூன்று இருபதுக்குச் சத்தம் கேட்டு மேஸ்திரி வந்து நின்றார்.

"என்ன இங்க?"

"ஆடு ஒண்ணு கட்டிக் கெடக்கு அண்ணே. மூணு நாளாத் தண்ணி இல்ல" என்றாள் முனீஸ்வரி.

"யாரு ஆடு?"

"ராக்கு ஆடு."

மேஸ்திரி வாசல் வரைக்கும் போய் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார். "இங்க ஆடு எதுவும் இல்லையே" என்றார்.

அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே தவசிலிங்கம் தாள்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியேறினார். ஓரத்தைத் தட்டவில்லை.

பதினோராம் நாள் காலை ஒன்பது மணிக்கு அவர் திரும்பி வந்தார். தோளில் கனமான துணிப்பை. வாசலிலேயே பேச்சியம்மாள் மறித்தார்.

"நல்லாயிருப்பியா தம்பி நீ? ராத்திரி பூரா காதுக்குள்ள மே, மேன்னு ஒரே சத்தம். பொட்டுத் தூக்கம் இல்ல."

தவசிலிங்கம் உள்ளே போனார். பையைச் செண்பகவல்லி முன்னால் வைத்தார்.

"என்னது அண்ணாச்சி?"

"நாப்பத்தொரு கதை. நீங்களே வச்சுக்கிடுங்க. நான் விட்டுட்டேன்."

"ஏன்?"

"நேத்து நீங்களும்தானே இருந்தீங்க? நாப்பது கதையில ஒரு செம்பு காணாமப் போனதில்ல. நாப்பத்தொண்ணாவதுல ஒரு முழு ஆட்டையே விட்டுட்டேன். முப்பத்தோரு வருஷம் கேட்டுல நின்ன மனுஷன், கேட்டுல கட்டுன ஆட்ட மறந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, தரையைப் பார்த்துச் சொன்னார்: "அந்தக் கட்டம் இருந்திருந்தா விட்டிருக்க மாட்டேன்."

"எம்மேல கோவமா?"

"கொஞ்சம்."

செண்பகவல்லி தலையாட்டினார். கையில் இருந்த மல்லியில் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார்.

"முதல்ல படிச்சீங்களே, தாய் செத்துப்போற கதை. அதுல ஆடு உண்டா?"

"உண்டு. ரெண்டு. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கருப்பு."

"தண்ணி?"

"அஞ்சாம் பக்கத்துல வச்சேன். ஆறாம் பக்கத்துல அவுத்து உள்ள கட்டியாச்சு. டிக் இருக்கு."

செண்பகவல்லி வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"பெரியம்மா! அண்ணாச்சி மொதல்ல படிச்சாருல்ல, ஒரு அம்மா செத்த கதை? அதுல எத்தனை ஆடு?"

"அதுல ஏது ஆடு?" என்றார் பேச்சியம்மாள்.

லூர்துமேரியும் யோசித்துப் பார்த்தாள். "ஆடு ஒண்ணும் வரலையேக்கா" என்றாள்.

தவசிலிங்கம் பையைத் திறந்து அந்தக் கதையின் ஐந்தாம் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். ஆடுகள் அங்கேதான் இருந்தன.

வெளியே ஒரு லாரி வந்து நின்றது. வத்தல் லோடு. சாக்கு இறங்குவதற்கு முன்பே நெடி உள்ளே வந்து சேர்ந்தது. முனீஸ்வரி மூன்று தடவை தும்மினாள். தும்மி முடித்து, எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

"அண்ணாச்சி, ரெண்டு மணிக்குச் சொல்லிருவீங்கல்ல? அது உசுரோட இருக்கா இல்லையான்னு?"

தவசிலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பையைப் பார்த்தார். செண்பகவல்லியைப் பார்த்தார்.

"அம்மா..."

"இன்னும் என்ன நின்னு பேசிக்கிட்டு இருக்கீங்க?" என்றார் செண்பகவல்லி. "திங்கக்கெழமயில இருந்து கட்டிக் கெடக்கு. ஓடுங்க அண்ணாச்சி. ஓடிப்போய் அதுக்குத் தண்ணி வைங்க."